அமெரிக்க முன்னோரைத் தேடும்போது எங்கே கோட்டை விடுகிறோம்

அமெரிக்காவில் யாரிடமாவது "உங்கள் முன்னோர்கள் எங்கிருந்து வந்தவர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். நியூயார்க்கில் குடியேறிகள் வந்திறங்கிய எல்லிஸ் தீவில் அதிகாரி எங்கள் பெயரையே மாற்றிவிட்டார், எங்கள் எள்ளுப்பாட்டி செரோக்கி என்ற அமெரிக்கப் பழங்குடியின் இளவரசி, இங்கிலாந்திலிருந்து ஆரம்பக் குடியேறிகளை ஏற்றிவந்த மேஃபிளவர் கப்பலில் வந்த பரம்பரை நாங்கள் என்று ஏதாவது ஒன்று வந்து விழும். அங்கே சம்பந்தம் செய்துகொண்ட நம் ஆட்களும் பேரப்பிள்ளைக்காகக் குடும்ப மரம் வரையக் கிளம்பி, முதலில் இந்தக் கதைகளில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கதையை அப்படியே நம்புவது ஒரு தவறு, "எல்லாம் புருடா" என்று தூக்கி எறிவது இன்னொரு தவறு. இரண்டாவதில்தான் நஷ்டம் அதிகம் என்பேன்.

எல்லிஸ் தீவு கதையையே எடுத்துக்கொள்வோம். அங்கிருந்த அதிகாரிகள் யார் பெயரையும் புதிதாக எழுதவில்லை. கப்பல் புறப்பட்ட துறைமுகத்திலேயே கப்பல் கம்பெனி எழுதிக் கொடுத்த பயணிகள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, கேள்வி கேட்டுச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான், மொழிபெயர்ப்பாளர்களும் கூடவே இருந்தார்கள். பெயர் மாறியது பெரும்பாலும் அப்புறம்தான். வேலைக்காகவோ, பள்ளிக்கூடத்திலோ, குடியுரிமைத் தாளிலோ அவர்களாகவே மாற்றிக்கொண்டார்கள். இது தெரியாமல் "மில்லர்" என்று தேடினால் பட்டியலில் ஒன்றும் கிடைக்காது, ஏனென்றால் கப்பலில் ஏறியவர் "ம்யூலர்". இத்தாலியப் பெண்கள் என்றால் கல்யாணம் ஆனபிறகும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே பதிவாகியிருப்பார்கள். இன்னொன்று, எல்லிஸ் தீவு திறந்ததே 1892இல். உங்கள் ஆள் 1870இல் வந்திருந்தால் அங்கே கால் வைத்திருக்கவே முடியாது. நியூயார்க்கில் இறங்கியிருந்தால் அதற்கு முன் இருந்த குடியேற்ற நிலையமான காசில் கார்டன், இல்லையென்றால் பால்டிமோர், பாஸ்டன், பிலடெல்பியா என்று தேட வேண்டும்.

பெயர் ஒத்துப்போனதால் ஆளும் அதே ஆள்தான் என்று முடிவு கட்டுவதற்கு ஆனி மூர் கதையைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1892 ஜனவரி 1 அன்று எல்லிஸ் தீவில் முதல் ஆளாகப் பதிவான அயர்லாந்துப் பெண் அவர். பின்னாளில் டெக்சஸுக்குப் போய் 1923இல் டிராம் மோதி இறந்துபோனார் என்று பல வருஷங்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள், அந்த டெக்சஸ் குடும்பத்தை விழாவுக்கெல்லாம் அழைத்து மரியாதை செய்தார்கள். 2006இல் மேகன் ஸ்மோலென்யாக் என்ற வம்சாவளி ஆய்வாளர் ஆவணங்களைத் தோண்டியபோது, டெக்சஸ் ஆனி மூர் இல்லினாயில் பிறந்தவர், கப்பல் ஏறி வந்தவரே இல்லை என்று தெரிந்தது. நிஜ ஆனி நியூயார்க்கிலேயே கல்யாணம் செய்து, வரிசையாகப் பிள்ளை பெற்று, 1924இல் இறந்து, பெயர்க்கல்கூட இல்லாத கல்லறையில் கிடந்தார். உலகமே பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கே இந்த கதி. யாரோ ஒருவர் இணையத்தில் போட்டு வைத்த குடும்ப மரத்தில் "ஜான் ஸ்மித், பென்சில்வேனியா" என்று இருப்பதை நகலெடுத்து ஒட்டிக்கொள்வதற்கு முன் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

சென்சஸ் அரசாங்க ஆவணம்தானே என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. கதவைத் திறந்தவர் யாரோ அவர் சொன்னதைத்தான் எழுதினார்கள். பதில் சொன்னவர் யார் என்று குறித்து வைத்ததே 1940 கணக்கெடுப்பில்தான், அதற்கு முன் அது மனைவியா, மாமியாரா, பக்கத்து வீட்டுக்காரரா என்று நமக்குத் தெரியாது. பத்து வருஷத்தில் ஆறு வயதே கூடிய பெண்களையெல்லாம் இந்த ஏடுகளில் சர்வசாதாரணமாகப் பார்க்கலாம். குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்று எழுத ஆரம்பித்ததே 1880இல். அதற்கு முந்தைய ஏட்டில் ஒரே வீட்டில் இருக்கும் சிறுவனை மகன் என்று எழுதிவிடாதீர்கள், கூடப் பிறந்தவரின் பிள்ளையாகவோ வேலைக்காரப் பையனாகவோ இருக்கலாம். 1890 ஏடு கிடைக்கவில்லையே என்று தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம், 1921 தீ விபத்தில் சேதமாகி, மிச்சமும் பிறகு அழிக்கப்பட்டு, இப்போது வெறும் துணுக்குகள்தான் இருக்கின்றன.

கறுப்பினக் குடும்பங்களுக்கு 1870 ஒரு பெரிய சுவர். விடுதலையான மக்கள் அனைவரையும் பெயரோடு எழுதிய முதல் கணக்கெடுப்பு அதுதான். 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் உரிமையாளரின் பெயரின் கீழ் வயது, பால், நிறம் மட்டும் இருக்கும், அடிமையின் பெயர் அநேகமாக இருக்காது. அங்கே எல்லோரும் செய்யும் தவறு, குடும்பப் பெயரும் எஜமானர் பெயரும் ஒன்றுதான் என்று வைத்துக்கொள்வது. முந்தைய எஜமானர் பெயரையோ தாங்களே தேர்ந்தெடுத்த பெயரையோ வைத்துக்கொண்டவர்கள் நிறைய. விடுதலையானவர்களுக்காக 1865 முதல் 1874 வரை நடந்த ஃப்ரீட்மன்ஸ் வங்கியின் கணக்குப் புத்தகங்களில் பல இடங்களில் தாய், தந்தை, விற்கப்பட்டுப் போன சகோதரர்கள் வரை எழுதியிருக்கிறது. அதைப் பார்க்காமல் "இதற்கு மேல் ஒன்றும் இல்லை" என்று நிறுத்துபவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

செரோக்கிகளிடம் ராஜ குடும்பமே கிடையாது, ஆகவே இளவரசியும் கிடையாது. டிஎன்ஏ பரிசோதனையில் பூஜ்யம் வந்தது என்பதால் கதை பொய் என்றும் ஆகிவிடாது. ஏழெட்டுத் தலைமுறைக்கு முந்தைய ஒருவரின் துண்டு நம்மிடம் வராமலே போகலாம், கூடப் பிறந்தவர்களுக்கே சதவீதம் வேறுபடும். பழங்குடித் தொடர்பைத் தேட, செரோக்கி உள்ளிட்ட ஐந்து பழங்குடிகளின் உறுப்பினர்களை அரசாங்கம் எழுதி வைத்த டாஸ் பட்டியல் போன்ற ஆவணங்கள் இருக்கின்றன. எச்சில் துப்பிய குழாயை மட்டும் நம்பாதீர்கள். மேஃபிளவர் ஆசை உள்ளவர்களுக்கு ஒரே வார்த்தை: 1620இல் வந்த 102 பயணிகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் முதல் குளிர்காலத்திலேயே இறந்துபோனார்கள், கப்பலிலிருந்து கீழே இறங்கி வராமல் உங்கள் பிறப்புச் சான்றிதழிலிருந்து மேலே போங்கள்.

கதையை ஏன் தூக்கி எறியக் கூடாது என்கிறேன் தெரியுமா? 1776இல் வாஷிங்டனே பெட்ஸி ராஸ் என்ற தையற்காரப் பெண்ணின் கடைக்கு வந்து அமெரிக்கக் கொடியைத் தைக்கச் சொன்னார் என்ற கதை நாட்டுக்கே பாடமாகிவிட்டது. அதை வெளியே சொன்னவர் பெட்ஸியின் பேரன் வில்லியம் கான்பி, அதுவும் 1870இல், வீட்டில் கேட்டதை வைத்து. அந்தக் காலத்து ஆவணம் ஒன்றும் அதற்கு இல்லை. ஆனால் 1777 மே மாதம் பென்சில்வேனியா கடற்படை வாரியம் கப்பல் கொடிகள் தைத்ததற்கு அந்த அம்மாவுக்குப் பணம் கொடுத்த பதிவு இருக்கிறது. கொடி தைத்தது நிஜம். வாஷிங்டன் வந்தாரா என்பதற்குத்தான் சாட்சி இல்லை.

அதனால் பாட்டி சொன்ன கதையை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி, யார் சொன்னார், எந்த வருஷம், அவருக்கு யார் சொன்னார் என்று கீழே குறித்து, தனி நோட்டில் வையுங்கள். ஆவணம் கிடைக்கும்வரை அதில் ஒரு பெயரைக்கூட மரத்தில் ஏற்ற வேண்டாம்.