அமெரிக்காவில் கணக்கியல் முதுநிலைப் பட்டம்: பி.காம். படித்தவர் தம் தகுதியைக் கணக்கிடும் முறை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கணக்கியலில் முதுநிலைப் பட்டம் பெற விரும்பும் பி.காம். பட்டதாரிகள் பெரும்பாலும் தரவரிசைப் பட்டியலில் இருந்தே தேடலைத் தொடங்குகிறார்கள். படிப்பு முடிந்தபின் எந்த மாநிலத்தில், எந்த உரிமத்தோடு வேலை பார்க்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்து, அங்கிருந்து பின்னோக்கி வருவதே சரியான வரிசை என்பது என் கருத்து. கீழே உள்ள படிகளை அந்த வரிசையிலேயே அமைத்திருக்கிறேன்.

படி 1: 150 என்ற எண்ணைப் புரிந்துகொள்ளுங்கள்

அங்கே சி.பி.ஏ. (சான்றளிக்கப்பட்ட பொதுக் கணக்காளர்) உரிமத்தை மத்திய அரசு வழங்குவதில்லை. ஒவ்வொரு மாநிலத்தின் கணக்காளர் வாரியமும் தனித்தனியே வழங்குகிறது. நெடுங்காலமாக எல்லா மாநிலங்களும் பொதுவாகக் கேட்டுவந்தது 150 செமஸ்டர் மணிகள். ஏறத்தாழ 15 வாரம் நீளும் ஒரு பருவத்தில் வாரம் ஒரு மணி நேர வகுப்பு என்பது ஒரு செமஸ்டர் மணி. வழக்கமான பாடம் ஒன்றுக்கு மூன்று மணிகள். நான்காண்டு இளநிலைப் பட்டம் 120 மணிகளைத் தருவதால், மீதி 30 மணிகளை ஈடுசெய்யும் அளவில்தான் பெரும்பாலான கணக்கியல் முதுநிலைப் படிப்புகள் அமைந்திருக்கின்றன. சி.பி.ஏ. தேர்வு எழுதுவதற்கு மட்டும் பல மாநிலங்களில் 120 போதும்.

இந்த நிலை இப்போது மாறிவருகிறது. 2025 தொடக்கத்தில் ஒஹையோ மாநிலம், இளநிலைப் பட்டத்தோடு இரண்டாண்டு அனுபவம் இருந்தாலும் உரிமம் பெறலாம் என்று சட்டம் இயற்றியது. வேறு பல மாநிலங்களும் அதே வழியில் சென்றிருக்கின்றன. எனவே நீங்கள் குறிவைக்கும் மாநில வாரியத்தின் இன்றைய விதியைப் படித்த பிறகே அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

படி 2: உங்கள் பட்டத்தை அவர்களுடைய தராசில் நிறுத்துப் பாருங்கள்

அதிகம் பேர் தவறுவது இங்கேதான். தமிழ்நாட்டின் பல பல்கலைக்கழகங்களில் மூன்றாண்டு பி.காம். பட்டத்துக்கு மொத்தம் 140 கிரெடிட் என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து, 120-ஐத் தாண்டிவிட்டோமே என்று மகிழ்ந்துவிடக் கூடாது. நம் கிரெடிட்டும் அமெரிக்க செமஸ்டர் மணியும் வெவ்வேறு அளவைகள். அரிசி அளக்கும் படிக்கும், துணி அளக்கும் முழத்துக்கும் உள்ள வேறுபாடு என்றே கொள்ளலாம். அங்குள்ள மதிப்பீட்டு நிறுவனங்கள் ஓராண்டு முழுநேரப் படிப்பைச் சுமார் 30 மணிகளாக எடுத்துக்கொள்வது வழக்கம் என்பதால், மூன்றாண்டுப் பட்டம் 90 மணிகளாகச் சுருங்கக்கூடும். அதனோடு 30 மணி முதுநிலைப் படிப்பைச் சேர்த்தால் 120 தான் வரும். 150-க்கு இன்னும் ஓராண்டுக்கான மணிகள் குறையும்.

பி.காம். முடித்து எம்.காம். படித்தவருக்கு இந்தக் கணக்கு எளிதில் நிறைந்துவிடும். பி.காம். மட்டும் படித்தவரைப் பொறுத்தவரை, சில பல்கலைக்கழகங்கள் மூன்றாண்டுப் பட்டத்தை அப்படியே ஏற்கின்றன, சில கல்லூரிக்கு நாக் என்ற தேசிய மதிப்பீட்டுக் குழு அளித்த தரத்தையும் முதல் வகுப்பையும் பார்த்து ஏற்கின்றன, சில நான்காண்டுப் பட்டம் கட்டாயம் என்கின்றன. பல்கலைக்கழகம் சேர்க்கைக்காகச் செய்யும் மதிப்பீடு வேறு, மாநில வாரியம் உரிமத்துக்காகச் செய்யும் மதிப்பீடு வேறு என்பதை மறக்க வேண்டாம். முன்னது உங்களை ஏற்றுக்கொண்டது என்பதற்காகப் பின்னதும் ஏற்கும் என்று பொருளில்லை. முடிந்தால் விண்ணப்பிக்கும் முன்பே வாரியம் அங்கீகரித்த நிறுவனத்திடம் மதிப்பீட்டைப் பெற்றுவிடுங்கள். அந்தக் கட்டணம் வீண் போகாது.

படி 3: முன்தேவைப் பாடங்களை ஒப்பிடுங்கள்

ஒரு தாளில் இரண்டு பத்திகள் போட்டு, இடப்பக்கம் பல்கலைக்கழகம் கேட்கும் பாடங்களையும் வலப்பக்கம் உங்கள் மதிப்பெண் பட்டியலில் உள்ள பாடங்களையும் எழுதுங்கள். நிதிக் கணக்கியல், மேலாண்மைக் கணக்கியல், புள்ளியியல் ஆகியவற்றுக்கு நம் பாடங்கள் பெரும்பாலும் பொருந்திவிடும். இன்டர்மீடியட் அக்கவுண்டிங் என்ற இரண்டு பருவப் பாடம்தான் வாசற்கதவு. வருவாயை எப்போது பதிவது, குத்தகை, ஓய்வூதியம், ஒத்திவைக்கப்பட்ட வரி ஆகியவற்றை அமெரிக்கக் கணக்கு விதிகளின்படி விரிவாகக் கற்பிக்கும் பாடம் அது. நாம் படித்த விதிகளும் அவர்களுடைய விதிகளும் பல இடங்களில் பிரிகின்றன. கடைசியில் வாங்கிய சரக்கு முதலில் விற்றதாகக் கொள்ளும் லிஃபோ முறையை அவர்கள் இன்றும் அனுமதிக்கிறார்கள். இந்தியக் கணக்குத் தரநிலைகளில் அதற்கு இடமில்லை. இந்திய வருமான வரிச் சட்டத்தையும் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தையும் எவ்வளவு நன்றாகப் படித்திருந்தாலும், அமெரிக்க வரிப் பாடத்துக்கோ வணிகச் சட்டப் பாடத்துக்கோ அவை ஈடாகா.

பாடத்தின் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்ய மாட்டார்கள் என்பதால், ஒவ்வொரு பாடத்தின் முழுப் பாடத்திட்டத்தையும் கல்லூரியிலிருந்து வாங்கி வைத்திருங்கள். விடுபட்ட பாடங்களைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகு படிக்கலாம். ஆனால் அந்த மணிகள் பெரும்பாலும் பட்டத்துக்கான 30-இல் சேராது, கட்டணம் மட்டும் கூடும்.

படி 4: தேர்வுகளும் ஆவணங்களும்

மேலாண்மை முதுநிலைச் சேர்க்கைக்கான ஜிமேட் தேர்வு இப்போது 45 நிமிடம் வீதம் மூன்று பகுதிகள் கொண்டது. மதிப்பெண் 205 முதல் 805 வரை. அதற்குப் பதில் முதுநிலைச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வான ஜி.ஆர்.ஈ. எழுதலாம், பல இடங்களில் இரண்டிலிருந்தும் விலக்குக் கேட்கலாம். டோஃபெல் அல்லது ஐ.ஈ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் திறன் தேர்வு, நோக்க அறிக்கை, பரிந்துரைக் கடிதங்கள் ஆகியவை எல்லாத் துறைக்கும் பொதுவானவை. டிரான்ஸ்கிரிப்ட் என்ற அதிகாரபூர்வ மதிப்பெண் தொகுப்புக்கு மட்டும் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். இணைப்புக் கல்லூரியில் படித்தவர் பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தை அணுக வேண்டியிருக்கும். தன்னாட்சிக் கல்லூரியில் படித்தவர் முதலில் கல்லூரியின் தேர்வுப் பிரிவில் விசாரிக்க வேண்டும்.

படி 5: பட்டம் பெறுவதற்கான நிபந்தனைகள்

சேர்க்கை கிடைத்தபின் பார்க்கலாம் என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள். வழக்கமாகப் பத்துப் பாடங்கள், நான்குக்கு மூன்று என்ற சராசரித் தரப்புள்ளி, ஆய்வேடு இல்லை. இவ்வளவுதான் பொதுச் சட்டகம். விருப்பப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது மாநில வாரியத்தின் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, டெக்சஸ் வாரியம் தான் அங்கீகரித்த மூன்று மணி அறநெறிப் பாடம் ஒன்றைக் கேட்கிறது. அதை விட்டுவிட்டால் பட்டம் கைக்கு வந்தபின்னும் மறுபடி வகுப்பில் உட்கார வேண்டும்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் செல்பவர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். படிப்பு முடிந்தபின் ஓ.பி.டி. என்ற வேலைப் பயிற்சிக்கு 12 மாதம் கிடைக்கும். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) வகைப் படிப்பாக இருந்தால் மேலும் 24 மாதம் நீட்டிக்கலாம். வழக்கமான கணக்கியல் படிப்பு அந்த வகையில் வராது, தரவுப் பகுப்பாய்வைச் சேர்த்து வடிவமைத்த சில படிப்புகள் வரும். விளம்பரப் பக்கத்தில் உள்ள சொல்லை நம்பாமல், விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் உங்கள் ஐ-20 படிவத்தில் எந்தப் படிப்பு வகை எண் அச்சிடப்படும் என்று சேர்க்கை அலுவலகத்திடம் எழுத்து மூலம் கேட்டுப் பெற்றபின் முன்பணம் கட்டுங்கள்.