காலின் நரம்புகள்: பாடம் தெரிந்தும் வார்டில் செய்யும் தவறுகள்

காலுக்குப் போகும் நரம்புகளைத் தாளில் எழுதச் சொன்னால் மாணவர்கள் பெரும்பாலும் பிழையில்லாமல் எழுதிவிடுகிறார்கள். லம்பர் பிளெக்ஸஸிலிருந்து (இடுப்பு நரம்புப் பின்னல்) ஃபெமோரல், ஆப்டுரேட்டர். சாக்ரல் பிளெக்ஸஸிலிருந்து சையாட்டிக், அதன் கிளைகளாக டிபியல், காமன் பெரோனியல். தண்டுவடத்திலிருந்து கிளம்பும் நரம்பு வேர்களின் எண்களும் (எல்4, எல்5, எஸ்1 போன்றவை) சரியாகவே இருக்கும். அதே மாணவர் வார்டில் நோயாளியின் காலைக் கையில் எடுத்ததும் தடுமாறுகிறார். முந்தைய வகுப்பினர் தடுமாறிய அதே இடத்தில், அவர்களுக்குக் கற்றுத்தருகிறவர்களும் ஒருகாலத்தில் தடுமாறிய அதே இடத்தில். புத்தகத்தைப் புரட்டினால் தீரும் பிழைகளை இங்கே விட்டுவிடலாம். நோயாளி விலை கொடுக்க நேரும் தவறுகள் மட்டும் கீழே.

ஃபுட் டிராப் (பாதம் தொங்குவது) என்றதும் தீர்ப்பு எழுதுவது

டைல்ஸ் ஒட்டும் தொழிலாளி ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது முழங்காலைத் தேவைக்கு மேல் தூக்குகிறார், பாதம் தரையில் 'தப்' என்று விழுகிறது. செருப்பு வழியிலேயே கழன்றுவிடுகிறது, கழன்றதும் அவருக்குத் தெரிவதில்லை. பாதத்தை மேலே தூக்கச் சொன்னால் முடியவில்லை, கட்டைவிரலும் எழவில்லை.

இங்கே இரண்டு விதமான அவசரம் உண்டு. ஒரு சாரார் "காமன் பெரோனியல் பால்ஸி" (அந்த நரம்பின் செயலிழப்பு) என்று எழுதி மூடிவிடுவார்கள். மறு சாரார் நேராக முதுகுக்கு எம்.ஆர்.ஐ. எழுதுவார்கள். இரண்டாவதுதான் அதிகம் உறுத்துகிறது. ஏனென்றால் நடுத்தர வயதுக்காரரின் முதுகைப் படம் எடுத்தால் எல்4-5 இடத்தில் டிஸ்க் சற்றுப் பிதுங்கியிருப்பது மிகச் சாதாரணம், வலியே இல்லாதவர்களிடமும் அது தெரியும். அந்தப் படத்தை நம்பி முதுகைத் திறந்தபிறகும் பாதம் எழாது. நரம்பு நசுங்கியிருந்தது முழங்காலுக்குக் கீழே, நாள் முழுக்கக் குத்துக்காலிட்டு உட்கார்ந்த இடத்தில். களை எடுப்பவர்கள், நாற்று நடுபவர்கள், நீண்ட நேரம் கால்மேல் கால் போடுபவர்கள், குறுகிய காலத்தில் உடல் மெலிந்தவர்கள் எல்லோருக்கும் இது வரும். நேர்மாறாக, எல்5 வேர் நசுங்கியவரை "பெரோனியல்தான், தானாகச் சரியாகும்" என்று திருப்பி அனுப்பி, அறுவைக்கு உகந்த நாட்களைக் கடத்திவிடுவதும் நடக்கிறது.

பிழையின் வேர் இது: பாதத்தைத் தூக்கும் டிபியாலிஸ் ஆன்டீரியர், கட்டைவிரலை நிமிர்த்தும் எக்ஸ்டென்சர் ஹாலூசிஸ் லாங்கஸ் இரண்டும் காமன் பெரோனியலின் கிளையான டீப் பெரோனியல் நரம்பின் தசைகள். அவற்றுக்கு வரும் இழைகள் பெரும்பாலும் எல்4, எல்5 வழியாக வருபவை. ஆகவே வேர் கெட்டாலும் நரம்பு கெட்டாலும் இந்த இரு தசைகளும் படுத்துவிடும். பாதிக்கப்பட்ட தசையையே திரும்பத் திரும்பச் சோதித்து எந்தப் பயனும் இல்லை. எல்5 வேரிலிருந்து இழை பெற்று, ஆனால் பெரோனியல் நரம்பின் வழியே வராத தசையைத் தேட வேண்டும்.

அப்படி இரண்டு தசைகள் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. ஒன்று டிபியாலிஸ் போஸ்டீரியர், பாதத்தை உள்நோக்கித் திருப்புவது. எல்4, எல்5 இழைகள் அதற்கு டிபியல் நரம்பின் வழியாக வருகின்றன. மற்றொன்று குளூட்டியஸ் மீடியஸ், தொடையைப் பக்கவாட்டில் விரிப்பது. அதற்கு சுப்பீரியர் குளூட்டியல் நரம்பு. வேர்கள் எல்4, எல்5, எஸ்1. இரண்டும் வலுவாக இருந்தால் கோளாறு பெரோனியல் நரம்பில். இரண்டும் தளர்ந்திருந்தால் வேரைச் சந்தேகியுங்கள்.

சோதிக்கும் முறையில்தான் அடுத்த சறுக்கல். தொங்கிக் கிடக்கும் பாதத்தை அப்படியே வைத்து "உள்ளே திருப்புங்க" என்றால் நல்ல தசைகூட பலவீனமாகத் தெரியும், அந்த நிலையில் அதற்குப் பிடிமானம் இல்லை. ஒரு கையால் பாதத்தின் முன்பகுதியைத் தாங்கி, கணுக்கால் 90 பாகைக்கு வரும்வரை மேலே தூக்கிப் பிடியுங்கள். அப்படிப் பிடித்தபடியே உள்ளே திருப்பச் சொல்லுங்கள், பிறகு வெளியே. வெளியே திருப்புவது காமன் பெரோனியலின் மற்றொரு கிளையான சுப்பர்ஃபிஷியல் பெரோனியலின் வேலை. உள்ளே திரும்பும் வலு முழுதாக இருந்து வெளியே மட்டும் திரும்பவில்லை என்றால் ஃபிபுலா (காலின் வெளிப்பக்க எலும்பு) கழுத்துக்குப் போகலாம், காமன் பெரோனியல் அங்கேதான் எலும்பைச் சுற்றிப் போகிறது. இரண்டும் நன்றாக இருந்து தூக்குவது மட்டும் இல்லையென்றால் டீப் கிளை மட்டும் மாட்டியிருக்கிறது.

இடுப்பைச் சோதிக்க நோயாளி கெட்ட கால் மேலே இருக்குமாறு ஒருக்களித்துப் படுக்க வேண்டும். முழங்கால் நேராக, தொடை சற்றுப் பின்னால். முழங்காலின் வெளிப்புறத்தில் உங்கள் கையை வைத்துக் கீழே அழுத்துங்கள். மல்லாந்து படுக்க வைத்துச் சோதித்தால் புவியீர்ப்புக்கு எதிரான வேலையே இல்லை, லேசான தளர்வு தெரியாமல் போகும்.

ரிஃப்ளெக்ஸை (சுத்தியலால் தட்டினால் கால் தானாகத் துள்ளுவதை) நம்பி முடிவெடுக்க வேண்டாம். முழங்கால் ரிஃப்ளெக்ஸ் எல்3-4, கணுக்கால் ரிஃப்ளெக்ஸ் எஸ்1. எல்5 வேர் கெட்டாலும் பெரோனியல் கெட்டாலும் இரண்டும் சாதாரணமாகவே இருக்கும். ஆனால் கணுக்கால் ரிஃப்ளெக்ஸ் போயிருந்தால் மேலே சையாட்டிக்கைத் தேடுங்கள். ரிஃப்ளெக்ஸ் துள்ளினால் மூளை, தண்டுவடம் பக்கம் பார்க்க வேண்டும். கெட்டது சையாட்டிக் நரம்பா, பெரோனியல் நரம்பா என்று தீராதபோது எலக்ட்ரோமையோகிராமில் (தசையின் மின்செயலை ஊசி வைத்துப் பதியும் சோதனை) பைசெப்ஸ் ஃபெமோரிஸின் குட்டைத் தலையில் ஊசி வைக்கச் சொல்லுங்கள். தொடையில் பெரோனியல் பகுதியிடமிருந்து நரம்பு பெறும் ஒரே தசை அதுதான். அது கெட்டிருந்தால் கோளாறு முழங்காலுக்கு மேலே. நரம்பறுந்த தசையின் அடையாளங்கள் ஊசியில் தெரிய 2 முதல் 3 வாரம் ஆகும், மூன்றாம் நாளே அனுப்பி "நார்மல்" என்ற சீட்டோடு நிம்மதி அடையக் கூடாது.

புட்டத்தில் ஊசி: நான்கில் எந்தப் பகுதி?

"மேல் வெளிக் கால்பகுதியில் போடு" (நான்காகப் பிரித்தால் மேலே வெளிப்பக்கம் வரும் பகுதி) என்ற விதி எல்லோருக்கும் தெரியும். எதன் மேல் வெளிக் கால்பகுதி என்பதில்தான் கோளாறு. நோயாளி நின்றபடியே பாவாடை நாடாவையோ பேன்ட்டையோ இரண்டு விரல் அளவு கீழே இறக்குகிறார். கண்ணுக்குத் தெரியும் சதையை மட்டும் நான்காகப் பிரித்து ஊசி போட்டால், அது உண்மையான குளூட்டியல் பகுதியின் நடுவில் போய் நிற்கும். அந்தப் பகுதி மேலே இடுப்பெலும்பின் விளிம்பில் தொடங்கி, கீழே புட்டத்தின் மடிப்பு வரை நீள்கிறது. இடுப்பெலும்பு விளிம்பை விரலால் தொடாமல் பிரிக்கவே கூடாது.

ஊசி மருந்து சையாட்டிக்கில் இறங்கினால் அதிகம் கெடுவது அதன் பெரோனியல் பாதி. அது வெளிப்பக்கமாக ஓடுகிறது, அதன் இழைக்கட்டுகள் பருமனானவை, அவற்றைச் சுற்றி மெத்தையாக இருக்க வேண்டிய இணைப்புத் திசு குறைவு. ஊசி போட்ட நிமிடமே காலில் மின்சாரம் பாய்ந்தது போன்ற வலி, பிறகு ஃபுட் டிராப். 15 வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் இது போலியோ கண்காணிப்பிலும் தகவல் தரவேண்டிய தளர்வாதம். காரணம் ஊசி என்று தெரிந்தாலும் மலமாதிரி இரண்டு எடுத்தாக வேண்டும்.

பாதுகாப்பான இடம் வென்ட்ரோகுளூட்டியல், அதாவது இடுப்பின் பக்கவாட்டுப் பகுதி. நோயாளி ஒருக்களித்துப் படுக்கட்டும். வலது இடுப்புக்கு இடது கை, இடது இடுப்புக்கு வலது கை. உள்ளங்கையின் அடிப்பகுதி கிரேட்டர் ட்ரோகான்டரில் (தொடையெலும்பின் மேல்பகுதியில் வெளிப்பக்கம் புடைத்திருக்கும் மேடு), சுட்டுவிரல் இடுப்பெலும்பின் முன்பக்க மேல் இலியாக் முனையில், நடுவிரல் விளிம்பை நோக்கி விரியட்டும். இரு விரலுக்கும் நடுவே 90 பாகையில் ஊசி. கைக்குழந்தைக்குப் புட்டமே வேண்டாம், தொடையின் முன்-வெளிப்பக்கம் போதும். பென்டாவேலன்ட் தடுப்பூசியும் அங்கேதான் போடப்படுகிறது.

ட்ரென்டலென்பர்கில் சாய்ந்த பக்கத்தைக் குறை சொல்வது

ஒற்றைக்காலில் நிற்க வைத்து இடுப்பு இறங்குகிறதா என்று பார்க்கும் சோதனை இது. இடுப்பு இறங்கும் பக்கம் நல்ல பக்கம். ஊன்றி நிற்கும் காலின் குளூட்டியஸ் மீடியஸ்தான் கெட்டது.

முழங்கால் வலிக்கு முழங்காலை மட்டும் பார்ப்பது

ஆப்டுரேட்டர் இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் கிளை தருகிறது. விந்தி நடக்கும் குழந்தை "முட்டி வலிக்குது" என்றால், முட்டி எக்ஸ்ரே சுத்தமாக இருந்தால், இடுப்பை உட்பக்கமாகச் சுழற்றிப் பாருங்கள். பெர்த்தெஸ் நோயும் (தொடையெலும்புத் தலைக்கு ரத்தம் குறைவது), தொடையெலும்புத் தலை நழுவுவதும் இப்படித்தான் தப்பிப்போகின்றன.

ஃபெமோரல் உறைக்குள் ஃபெமோரல் நரம்பைத் தேடுவது

தொடையின் மேல்பகுதியில் தமனியையும் சிரையையும் மூடியிருக்கும் உறை அது, நரம்பு அங்கே இல்லை. உறைக்கு வெளியே, தமனிக்கு வெளிப்பக்கம்.

தொடை எரிச்சலுக்கெல்லாம் டிஸ்க்

தொடையின் வெளிப்புறத்தில் மட்டும் எரிச்சல், மரப்பு. தசை வலு முழுமை, முழங்கால் ரிஃப்ளெக்ஸ் சரி. இது லேட்டரல் ஃபெமோரல் கியூட்டேனியஸ் நரம்பு, அது தோலுக்கு மட்டும் போவது. இறுக்கமான பெல்ட்டையும், எடையையும் கேளுங்கள்.

மாவுக்கட்டின் மேல் விளிம்பு

காமன் பெரோனியல் நசுங்காதபடி ஃபிபுலா கழுத்தைத் தொடாமல் கீழேயே நிற்க வேண்டும். கட்டுப் போட்ட அன்று மாலையே கட்டைவிரலைத் தூக்கச் சொல்லுங்கள்.

நரம்பைத் தொட்டுப் பார்க்காமல் விடுவது

தொழுநோய் இன்னும் நம்மிடையே இருக்கிறது. அது காலில் பிடிப்பது பெரும்பாலும் இரண்டு இடம்: ஃபிபுலா கழுத்தில் காமன் பெரோனியல், உள்கணுக்காலுக்குப் பின்னால் போஸ்டீரியர் டிபியல். முன்னது போனால் பாதம் தொங்கும், பின்னது போனால் உள்ளங்கால் மரத்துப் புண்ணாகும். பாதம் நிரந்தரமாகத் தொங்கிவிட்டால் டிபியாலிஸ் போஸ்டீரியரை முன்பக்கம் மாற்றிக் கட்டி அதைத் தூக்க வைக்கிறார்கள். பெரோனியல் போனாலும் அந்தத் தசை பிழைத்திருப்பதால்தான் இது முடிகிறது. செயலிழப்பு 6 மாதத்துக்குள் என்றால் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டில் மீள வாய்ப்பு உண்டு, ஆகவே ஃபுட் டிராப் நோயாளிக்குத் தோலில் உணர்வற்ற தேமலையும் தேடுங்கள்.

தொடும் விதம்: நோயாளி முழங்காலை மடக்கி உட்காரட்டும். ஃபிபுலாவின் தலையில் விரலை வைத்து, அங்கிருந்து சற்றுப் பின்னும் கீழுமாக வழுக்குங்கள். கயிறு போல ஒன்று எலும்பின் மேல் உருளும். நகத்தால் அல்ல, விரல் நுனியின் சதையால், மெதுவாக. மறுகாலிலும் அதே இடத்தைத் தொட்டுப் பருமனை ஒப்பிடுங்கள். உருட்டும்போது காலைப் பார்க்காமல் நோயாளியின் முகத்தைப் பாருங்கள். வலிக்கிறது என்று வாயால் சொல்வதற்கு முன்பே அங்கே தெரிந்துவிடும்.