வசனமில்லாக் கார்ட்டூன்: நான் செய்த தவறுகளை நீங்களும் செய்ய வேண்டாம்

சென்ற மாதம் புதிதாக வரையத் தொடங்கியிருக்கும் சிலருடைய வசனமில்லாக் கார்ட்டூன்களை வரிசையாகப் பார்த்தேன். மொத்தம் 40-க்கு மேல் இருக்கும். கோடு நன்றாக வந்திருக்கிறது, உடல் அசைவும் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் முக்கால்வாசிப் படங்களில் 20 வருஷத்துக்கு முன் நான் செய்த அதே தவறுகள் அப்படியே திரும்ப வந்திருக்கின்றன. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

கை விரல் கோணலாகிவிட்டது, மை படர்ந்துவிட்டது, மூக்கு கட்டத்துக்குக் கட்டம் மாறுகிறது என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். வரைய வரைய அவை தானாகச் சரியாகிவிடும். யாராவது எடுத்துச் சொன்னால்தான் கண்ணில் படும் என்ற வகைத் தவறுகளை மட்டும் பார்ப்போம்.

சொல்லை எடுத்துவிட்டு மொழியை விட்டுவைப்பது

ஒருவர் வரைந்திருந்த படம் இது. மேடையில் நின்று ஒருவர் பேசுகிறார். எதிரே உட்கார்ந்திருக்கும் அத்தனை பேர் காதிலும் பூ. படத்தில் ஓர் எழுத்துகூட இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, உங்களுக்கும் வரும். ஆனால் தமிழ் தெரியாத ஒருவர் அதில் பார்ப்பது பூ வைத்துக்கொண்டிருக்கும் ஒரு கூட்டத்தை மட்டும்தான். கயிறு திரிப்பது, தலையில் மிளகாய் அரைப்பது, வாலைச் சுருட்டிக்கொள்வது எல்லாம் இந்த ரகம். வசன பலூன் இல்லையே தவிர, வசனம் உள்ளேயே இருக்கிறது.

வாசகர்கள் எல்லோரும் தமிழர்கள் என்றால் தாராளமாக வரையுங்கள், அதுவும் ஒரு நல்ல விளையாட்டுத்தான். ஆனால் எங்கும் செல்லுபடியாகும் படம் வரைய வேண்டும் என்று ஆசைப்பட்டால் மொழிக்கு வெளியே வந்து யோசிக்க வேண்டும். அர்ஜென்டினாவில் பிறந்த கார்ட்டூன் ஓவியர் மோர்டிலோ 1960-களில் பாரிஸுக்குப் பிழைக்கப் போனபோது அவருக்குப் பிரெஞ்சு சரியாகப் பேச வராது. எழுத்தே இல்லாமல் வரையத் தொடங்கினார். அந்தப் படங்கள்தான் அவரை உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தன. செக் நாட்டு அனிமேஷன் இயக்குநர் ஸ்டெனெக் மிலெர் 1957-இல் எடுத்த முதல் அகழெலிப் ('மோல்') படத்தில் பாத்திரங்கள் பேசும். எல்லா நாட்டுக் குழந்தைகளுக்கும் புரிய வேண்டும் என்று அடுத்தடுத்த படங்களில் அவர் பேச்சை எடுத்துவிட்டார். சிரிப்பும் சின்னச் சின்ன வியப்பொலிகளும் மட்டும் மிஞ்சின. அவற்றுக்குக் குரல் கொடுத்தவர்கள் அவருடைய சொந்த மகள்கள். பேச்சு போன இடத்தைக் கண்ணும் மூக்கும் நடையும் எப்படி நிரப்புகின்றன என்பதை அந்தப் படங்களில் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

பெயர்ப்பலகையில் எழுத்தை ஒளிப்பது

பலகையில் 'மருத்துவமனை' என்று எழுதினால்தான் இடம் புரிகிறது என்றால், மருத்துவமனையை நீங்கள் இன்னும் வரையவில்லை.

கூடுதலாக ஒரு கட்டம்

இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். மற்றதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். இதைப் பார்த்தால் மட்டும் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. சிரிப்பு முடிந்த பிறகு, அந்தச் சிரிப்பை விளக்க இன்னொரு கட்டம் வரைவது.

பல வருஷங்களுக்கு முன் ஓர் இதழ் என்னிடம் 12 கார்ட்டூன் கேட்டது. அவ்வளவு பெரிய வேலை எனக்கு அதுதான் முதல் தடவை. ஒரு மாதம் உட்கார்ந்து வரைந்தேன். அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு சீசாப் படம். சீசா என்றால் பூங்காவில் குழந்தைகள் இரண்டு முனையிலும் உட்கார்ந்து ஏறி இறங்கி ஆடும் பலகை.

முதல் கட்டத்தில் பூங்கா, ஆளில்லாத நேரம். ஒரு தாத்தா சீசாவின் ஒரு முனையில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். அவர் பக்கம் தரையைத் தொட்டுக் கிடக்கிறது, எதிர் முனை வானத்தைப் பார்த்து நிற்கிறது. இரண்டாவது கட்டத்தில் அந்த எதிர் முனையில் ஒரு குருவி வந்து உட்காருகிறது. மூன்றாவது கட்டத்தில் பலகை சமமாக நிற்கிறது. குருவியின் பக்கம் இறங்கியிருக்கிறது, தாத்தாவின் பக்கம் ஏறியிருக்கிறது. தாத்தா எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிறார். கீழே அவருடைய குதிகால் இரண்டும் தரையை விட்டு எழும்பியிருக்கின்றன. கால்விரல் நுனியில் நின்று அவரே பலகையைத் தூக்கிக்கொடுத்திருக்கிறார்.

கார்ட்டூன் அங்கே முடிந்துவிட்டது. நான் முடிக்கவில்லை. நான்காவதாக ஒரு கட்டம் வரைந்தேன். தாத்தா வாய்விட்டுச் சிரிக்கிறார், குருவியின் தலைக்கு மேல் ஓர் இதயம். குதிகாலை யாரும் கவனிக்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் காரணம்.

அனுப்பிய 12 படங்களில் 9 திரும்பி வந்தன. சீசாவும் அதில் ஒன்று. மூன்று படத்துக்கு மட்டும் பணம் வந்தது, அதற்கப்புறம் அந்த இதழிலிருந்து கூப்பிடவே இல்லை. படங்களைத் திருப்பித் தந்தபோது அங்கிருந்த மூத்த ஓவியர் சீசாப் படத்தை மேஜையில் விரித்து, நான்காவது கட்டத்தை உள்ளங்கையால் மூடினார். "இப்போ பாரு தம்பி" என்றார். பார்த்தேன். அடுத்த படத்தை எடுத்து அதன் கடைசிக் கட்டத்தையும் மூடினார். ஒன்பது படத்துக்கும் அதையே செய்தார். ஒன்பதும் கைக்கு அடியில் நல்ல கார்ட்டூனாகிவிட்டன. ஒரு மாத உழைப்பு வீணானதற்குக் காரணம் கோடு தெரியாதது இல்லை, எங்கே நிறுத்துவது என்று தெரியாதது.

மூன்றாவது கட்டத்தில் வாசகரின் கண் எப்படி நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். முதலில் குருவி. அதற்குப் பிறகு பலகை. 'குருவிக்கு இவ்வளவு கனமா?' என்று ஒரு கணம். கண் தாத்தாவின் முகத்துக்குப் போகிறது, அங்கே பதில் இல்லை. முதுகு, முழங்கால் என்று இறங்கிக் குதிகாலுக்கு வருகிறது. கண்டுபிடித்தவர் வாசகர்தான். அதனால் அந்தச் சிரிப்பும் அவருடையது.

நான்காவது கட்டம் இருந்தால் இந்த நடையே நடக்காது. ஒரு பக்கத்தைத் திறந்ததும் நான்கு கட்டமும் ஒன்றாகத்தான் கண்ணில் விழுகின்றன. திறந்த வாயும் இதயமும்தான் பக்கத்திலேயே பெரிய சத்தம். என்ன நடந்தது என்று தெரிவதற்கு முன்பே, நடந்தது சந்தோஷமான விஷயம் என்று தெரிந்துவிடுகிறது. அப்புறம் குதிகாலைத் தேட யாருக்கும் அவசியம் இல்லை. கடைசியாக வரைந்த கட்டம் கடைசியாகத்தான் பார்க்கப்படும் என்று நினைத்ததுதான் நான் செய்த பிழை.

என் பயம் நியாயமானது என்பதையும் சொல்ல வேண்டும். குதிகால் தெரியாமல் போகத்தான் செய்தது. ஏனென்றால் தாத்தாவின் காலைச் சுற்றி அழகாகப் புல் வரைந்து வைத்திருந்தேன். சந்தேகம் மூன்றாவது கட்டத்தில் என்றால் மருந்தையும் மூன்றாவது கட்டத்தில்தான் போட வேண்டும். பிற்பாடு அந்தப் படத்தைத் திரும்ப வரைந்தேன். புல்லை எடுத்தேன். தாத்தாவுக்குச் செருப்புப் போட்டேன். செருப்பின் பின்பக்கம் தரையிலேயே கிடக்கிறது, குதிகால் மட்டும் மேலே எழும்பியிருக்கிறது, நடுவில் ஓர் இடைவெளி. முழுப் படத்திலும் கறுப்பு நிழல் விழும் இடம் அந்த ஒன்றுதான். கண் தானாக அங்கே போய் நிற்கிறது.

இந்தக் கூடுதல் கட்டம் பல வேஷத்தில் வரும். ஓரத்தில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் வழிப்போக்கன் அதில் ஒன்று. மூலையில் வாயைப் பொத்திக்கொள்ளும் நாய் இன்னொன்று. வாசகரைப் பார்த்துக் கண்ணடிக்கும் நாயகன் மூன்றாவது. அனிமேஷன் என்றால், விழுந்தவனை விட்டுக் கேமரா நகராமல் இரண்டு விநாடி அங்கேயே நிற்பது.

கண்ணடிப்பதைப் பற்றிச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். 1949-இல் சக் ஜோன்ஸ் தொடங்கிய ரோட் ரன்னர் படங்களில் அந்தப் பறவையைத் துரத்தும் ஓநாய் போன்ற கயோட்டி நம்மைத்தானே பார்க்கிறது என்பார்கள். ஆமாம், பார்க்கிறது. எப்போது என்று கவனியுங்கள். மலை விளிம்பைத் தாண்டி வெறும் காற்றில் நிற்கும்போது, இன்னும் விழாதபோது. விழப்போகிறோம் என்று அதற்கும் தெரியும், நமக்கும் தெரியும். வரப்போவதற்காக நம்மைக் காத்திருக்க வைக்கும் பார்வை அது. விழுந்த பிறகு எழுந்து வந்து 'சிரித்தீர்களா?' என்று கேட்கும் பார்வைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

சென்ற மாதம் ஒரு பையன் ஐந்து கட்டப் படம் கொண்டுவந்தான். கடைசி இரண்டை மூடிக் காட்டினேன். "புரியாமப் போயிடுச்சுன்னா சார்?" என்றான். சிலருக்குப் புரியாமல் போகத்தான் செய்யும். பத்துப் பேரில் இரண்டு பேருக்குப் புரியாமல் போகிறது என்பதற்காக மீதி எட்டுப் பேரின் சிரிப்பைப் பிடுங்கிக்கொள்ளக் கூடாது. வீட்டுக்குப் போகும் வழியில் எங்கேயோ யோசித்து, மறுநாள் வந்து "அந்தச் செருப்பு!" என்று சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எல்லா முகத்திலும் அதிர்ச்சி

பானை உடைகிறது. உடைத்தவன், பார்த்தவன், ஜன்னலில் நிற்பவள், மரத்துக் காக்கை என்று எல்லோருக்கும் கண் பிதுங்கி வாய் பிளந்திருக்கிறது. எல்லோரும் கத்தினால் யார் குரலும் கேட்காது. ஒரு முகத்தை மட்டும் சும்மா விடுங்கள், முடிந்தால் நாயகனின் முகத்தை. மௌனப் படக் காலத்தில் பஸ்டர் கீட்டன் சிரிக்காத முகத்தை வைத்துக்கொண்டே தியேட்டரைச் சிரிக்க வைத்தார். கார்ட்டூனிலும் அதேதான். சுற்றிலும் வீடு சரியும்போது தொப்பியைச் சரி செய்துகொள்பவனைத்தான் நாம் மறக்க மாட்டோம்.

வியர்வைத் துளி, மின்விளக்கு, கேள்விக்குறி

ஒரு படத்துக்கு ஒன்று. அதுவும் வேறு வழியே இல்லை என்றால்.

சாமானை நம்பிச் சிரிக்க வைப்பது

இப்போது வரும் படங்களில் பாதி கைப்பேசியைச் சுற்றி இருக்கின்றன. கைப்பேசியை வரையலாம். ஆனால் கைப்பேசியே ஜோக் என்றால் அந்தச் சாமான் மாறியதும் ஜோக்கும் போய்விடும். டெலிபோன் டயலை விரலால் சுழற்றுவதை நம்பி வரைந்த படங்களை இன்றைய குழந்தைகளிடம் காட்டிப் பாருங்கள்.

எரிஷ் ஓசர் என்ற ஜெர்மானியர் இ. ஓ. பிளாவென் என்ற பெயரில் 1934 முதல் 1937 வரை ஒரு பெர்லின் வார இதழில் அப்பா, மகன் படங்கள் வரைந்தார். ஹிட்லர், கோயபல்ஸ் இருவரையும் முன்பு கேலி செய்து வரைந்தவர் என்பதால் சொந்தப் பெயரில் அவரால் வரைய முடியவில்லை. ஓசர் 1944-இல் கைதாகி, விசாரணைக்கு முன்பே சிறையில் உயிரை விட்டார். அந்தப் படங்களில் ஒரு சின்னத் தலைப்பு உண்டு, பலூன் கிடையாது. உடையும் மேஜையும் அந்தக் காலத்தவை. இருந்தாலும் இன்றும் புரிகின்றன. ஏனென்றால் சிரிப்பு இருப்பது மேஜையில் இல்லை. மகனைக் கண்டிக்கப் போய்த் தானும் குழந்தையாகிவிடும் அந்தக் குண்டு அப்பாவிடம் இருக்கிறது. ஓசரின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டு அந்தப் படங்களைத் திரும்பப் பார்த்த நாளில் எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

அனிமேஷனில் இசையை முந்தவிடுவது

பேச்சில்லை என்றால் சத்தமில்லை என்று அர்த்தம் இல்லை. 1940-இல் தொடங்கிய டாம் அண்ட் ஜெர்ரியில் ஸ்காட் பிராட்லியின் இசை ஒவ்வொரு காலடிக்கும் கூடவே ஓடுகிறது, ஆனால் முந்திக்கொள்வதில்லை. புதியவர்கள் வழுக்கி விழும் காட்சிக்கு ஒரு விநாடி முன்பே 'டொய்ங்' போட்டுவிடுகிறார்கள். அர்த்தமில்லாத முணுமுணுப்பைக் குரலாக வைப்பவர்கள் ஒற்றைக் கோட்டு மனிதன் வரும் லா லினியாவையும் பென்குயின் குட்டி வரும் பிங்குவின் ஆரம்பத் தொடர்களையும் கேட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் குரல் கொடுத்தவர் கார்லோ போனோமி. ஒரு சொல்கூடப் புரியாது, கோபமா கெஞ்சலா என்பது மட்டும் தெளிவாகக் கேட்கும். அவர் மூச்சு விடும் இடங்களையும் கவனியுங்கள்.

வாசிக்கும் திசை

அரபியும் உருதும் வலமிருந்து இடம். உங்கள் படம் அங்கே போகிறது என்றால் கட்டங்களை மேலிருந்து கீழாக அடுக்குங்கள்.

காட்டும்போது பேசுவது

படத்தில் சொல்லில்லை, வரைந்தவர் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே இருப்பார். "இவர் வந்து அந்தக் குருவியைப் பார்க்கிறார் இல்லையா..." என்று ஆரம்பித்தால் அந்தச் சோதனை வீண். தாளைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். படத்தைப் பார்க்காதீர்கள், பார்ப்பவரின் கண்ணைப் பாருங்கள். எந்தக் கட்டத்தில் நிற்கிறது, எங்கிருந்து பின்னால் திரும்புகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைசிக் கட்டத்திலிருந்து கண் முதல் கட்டத்துக்கு ஒரு தடவை ஓடிப் போய்விட்டுத் திரும்பினால் நல்ல சகுனம். நடுவில் ஒரு கட்டத்திலேயே நின்றுவிட்டால் அங்கே ஏதோ மறைக்கிறது, பெரும்பாலும் புல்தான்.