ஜீன் எடிட்டிங் சேஃபானு ஆர்கனாய்டுல டெஸ்ட் பண்றது எப்படி: குன்னூர்ல இருந்து

நம்ம நீலகிரி பழங்குடி ஜனங்ககிட்ட சிக்கிள் செல் (ரத்த சிவப்பணுவ அரிவாள் மாதிரி வளைய வைக்கற பரம்பரைக் குறை) இருக்கறத 1952லயே பாத்து எழுதி வச்சிருக்காங்க. அதுக்கு ஜீன எடிட் பண்ணி குடுக்கற காஸ்கெவி சிகிச்சைக்கு 2023ல பிரிட்டன்லயும் அமெரிக்காலயும் அனுமதி கிடைச்சதுல இருந்து எனக்கு ஒரே நெனப்புதான், இந்த மாதிரி ட்ரீட்மென்ட் நாளைக்கு கூடலூர் பணியர் வீட்டு புள்ளைக்கு வந்தா அது அந்த புள்ளைக்கும் சேஃபா இருக்கணும்ல. அத ஆர்கனாய்டுல, அதாவது லேப்ல வளர்த்த குட்டி உறுப்பு மாதிரியான திசுல, எப்படி பாக்கறதுன்னு சொல்றேன்.

முதல்ல யாரோட செல்லுனு பாருங்க, இதுலதான் நெறைய பேர் கோட்டை விடறாங்க. கைடு ஆர்.என்.ஏ.வுல, டிஎன்ஏல எங்க வெட்டணும்னு வழி காட்டற பகுதி 20 எழுத்து, அத ரெஃபரன்ஸ் ஜீனோம்ல (ஒப்பிடறதுக்குனு வச்சிருக்கற பொதுவான மனுஷ டிஎன்ஏ வரிசை) தேடினா தப்பா வெட்ட வாய்ப்பிருக்கற இடமெல்லாம் லிஸ்டா வரும், ஆனா அந்த ரெஃபரன்ஸ் நம்ம ஆளு கிடையாதே. சிக்கிள் செல்லுக்காக பி.சி.எல்.11ஏ ஜீன வெட்டற கைடு ஒண்ணு, ஆப்பிரிக்க வம்சாவளி ஆளுங்ககிட்ட இருக்கற ஒரே ஒரு எழுத்து மாற்றத்தால சி.பி.எஸ்.1 ஜீன்லயும் போய் வெட்டுதுனு லேப்ல காட்டிட்டாங்க. அதனால குறைஞ்சது மூணு டோனர், அதுல நம்ம மலை ஜனங்க கண்டிப்பா இருக்கணும், சம்மதத்த அவங்க பாஷையில பொறுமையா விளக்கித்தான் வாங்கணும். ரத்தத்துல இருந்து ஐபிஎஸ் செல் (எந்த திசுவாவும் வளரக்கூடிய ஸ்டெம் செல்) பண்ணினதும் கேரியோடைப், அதாவது குரோமோசோம் எல்லாம் சரியா இருக்கானு, பாத்துடுங்க, 20ஆம் குரோமோசோம்ல ஒரு துண்டு கூடுதலா வர்றது இதுல சகஜம், அத எடிட்டிங் மேல பழி போடக் கூடாது.

அடுத்து இன்குபேட்டர். ஒரு தடவ என்னோட திசு வதங்கிப் போச்சு, எடிட்டிங்தான் காரணம்னு ரெண்டு வாரம் கவலப்பட்டேன், அப்புறம்தான் எடிட் பண்ணாத தட்டும் அதே மாதிரி கத்தரிப்பூ கலர்ல இருந்தத கவனிச்சேன். குன்னூர் 1,850 மீட்டர், காத்தழுத்தம் கீழ இருக்கறதுல 80 சதவீதம்தான், அதனால 5 சதவீதம் கார்பன் டை ஆக்ஸைடு பத்தல, மீடியம் (செல்லு வளர்ற சத்து திரவம்) காரமாயிடுச்சு. சுமார் 6.2 சதவீதம் தேவைப்படும், ஆனா சென்சாருக்கு சென்சார் கணக்கு மாறும், அதனால டிஸ்ப்ளேவ நம்பாம, வெறும் மீடியத்த ராத்திரி முழுக்க உள்ள வச்சு காலைல பிஹெச் 7.4 கிட்ட இருக்கானு பாருங்க.

எந்த தட்டு வச்சாலும் கூடவே ரெண்டு கன்ட்ரோல் வேணும், ஒண்ணு ஒண்ணுமே பண்ணாதது, இன்னொண்ணு எலக்ட்ரோபொரேஷன் (எடிட்டிங் சாமான உள்ள அனுப்ப செல்லுக்கு குடுக்கற மின் அதிர்ச்சி) மட்டும் குடுத்தது. ஆர்கனாய்டு அரை மில்லிமீட்டர் தாண்டினா ஆக்ஸிஜன் எட்டாம நடுவுல செத்துப் போகும், அது மருந்தோட விஷம் இல்ல.

டிஎன்ஏ படிக்கறப்போ சின்ன பிசிஆர் (வெட்டின இடத்த சுத்தி ஒரு சின்ன துண்ட மட்டும் நகலெடுத்து பாக்கறது) மட்டும் பண்ணி "கிளீன்"னு எழுதிடாதீங்க. பெரிய துண்டே போயிருந்தா நகலெடுப்ப தொடங்கி வைக்கற ப்ரைமர் உக்கார்ற இடமும் சேந்து போயிருக்கும், அந்த காப்பி ரிசல்ட்லயே வராது, மிச்சம் இருக்கற நல்ல காப்பி மட்டும்தான் தெரியும். நீளமான துண்ட ஒரே மூச்சுல படிக்கற லாங் ரீட் சீக்வென்சிங் சேத்துக்கோங்க. எடிட் பண்ணின மூணாம் நாள் ஒரு தடவ, 21ஆம் நாள் ஒரு தடவ படிங்க, தப்பான ஒரு வெட்டோட பங்கு ஏறிட்டே போனா அந்த செல்லுங்க மத்தத முந்தி வளருதுனு சந்தேகப்படணும், அந்த கைட அங்கயே நிறுத்தி வைங்க.