மிச்சமிருக்கும் நேண்ட் கேட்டே நாட் கேட் ஆகும்

சர்க்யூட்டில் ஒரே ஒரு நாட் கேட் (0ஐ 1 ஆகவும் 1ஐ 0 ஆகவும் மாற்றுவது) தேவைப்பட்டால், அதற்காகத் தனியாக நாட் கேட்டுகள் கொண்ட 7404 ஐசி வாங்க வேண்டாம். ஏற்கெனவே போர்டில் நேண்ட் கேட்டுகள் கொண்ட 7400 ஐசி இருந்தால், அதில் பயன்படாமல் கிடக்கும் நேண்ட் கேட்டின் இரண்டு உள்ளீடுகளையும் ஒரு சிறு கம்பியால் இணைத்துவிடுங்கள். உதாரணமாக 12, 13ஆம் கால்களைச் சேர்த்து அங்கே சிக்னலைக் கொடுத்தால், 11ஆம் காலில் அது தலைகீழாகி வரும்.

காரணம் எளிது. நேண்ட் கேட்டின் மெய் அட்டவணையில் (எந்த உள்ளீட்டுக்கு எந்த வெளியீடு என்ற பட்டியலில்) முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் பாருங்கள்: இரண்டு உள்ளீடுகளும் 0 என்றால் வெளியீடு 1, இரண்டும் 1 என்றால் வெளியீடு 0. கால்களைச் சேர்த்துக் கட்டியதும் உள்ளீடுகள் வேறுபடும் நடு இரண்டு வரிகளுக்கு வேலையே இல்லை. 7400இல் நான்கு கேட்டுகள் இருப்பதால் ஒன்றிரண்டு பெரும்பாலும் மிஞ்சும், அதை வீணாக்குவானேன்?

நார் கேட்டிலும் இதே உத்தி பலிக்கும். ஆனால் நார் கேட் ஐசியான 7402இன் கால் வரிசை வேறு. அதில் 1ஆம் கால் வெளியீடு, 2, 3 உள்ளீடுகள். பழக்கத்தில் 7400 போலவே இணைத்துவிடாதீர்கள்.

பட்டன், ஒளி உணரி போன்றவற்றிலிருந்து மெதுவாக ஏறி இறங்கும் சிக்னலுக்கு இது ஒத்துவராது, வெளியீடு தடுமாறும். அங்கே ஷ்மிட் டிரிகர் (ஏறும்போதும் இறங்கும்போதும் வெவ்வேறு மின்னழுத்தத்தில் மாறும் உள்ளீடு) கொண்ட நாட் கேட் ஐசியான 7414 தான் வேண்டும். 7403உம் நேண்ட் ஐசிதான், ஆனால் ஓப்பன் கலெக்டர் வகை (வெளியீட்டை 0க்கு இழுக்க மட்டுமே முடியும்), வெளியீட்டில் புல்-அப் ரெசிஸ்டர் (வெளியீட்டை மின்வழங்கியின் நேர்முனையோடு இணைக்கும் மின்தடை) இல்லாமல் 1 கிடைக்காது. ஐந்தாறு நாட் கேட்டுகள் தேவையென்றால் 7404 வாங்குவதே சிக்கனம்.