ஸ்கவுட் குழு ஆரம்பிக்கிறீர்களா? முதலில் இரண்டாவது ஆளைத் தேடுங்கள்

நாங்கள் ஆரம்பித்த மூன்றாவது சனிக்கிழமையே ஒரு பையன் ஓடிப்பிடித்து விளையாடும்போது வேலிக் கம்பியில் முழங்கையைக் கிழித்துக்கொண்டான். கட்டுப் போட்டாயிற்று, ஆனால் தையல் வேண்டும் என்பது பார்த்தவுடனே தெரிந்தது. மைதானத்தில் 19 பிள்ளைகள், பெரியவன் என்று நான் ஒருவன்தான். இவனை வண்டியில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குப் போனால் மீதி 18 பேரை யாரிடம் விடுவது? கடைசியில் எதிர்க்கடை டீ மாஸ்டர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து ஒரு மணி நேரம் நின்றார். அவர் நல்ல மனுஷன், அதனால் தப்பித்தேன். ஆனால் அது ஏற்பாடு இல்லை, அதிர்ஷ்டம்.

அதனால் என்னிடம் யாராவது "சார், எங்க ஊர்லயும் ஒரு ஸ்கவுட் குழு ஆரம்பிக்கலாம்னு இருக்கேன்" என்று போன் செய்தால், முடிச்சு தெரியுமா, முகாம் போயிருக்கிறீர்களா என்றெல்லாம் நான் கேட்பதில்லை. ஒவ்வொரு வாரமும் உங்களோடு வந்து நிற்கப்போகும் இன்னொருவர் யார் என்றுதான் கேட்பேன். பெயர் சொல்ல முடியாவிட்டால் ஆரம்பத் தேதியைத் தள்ளிப்போடுங்கள்.

அந்த ஆளைப் பிடிப்பது எப்படி? "தன்னார்வலராக வருகிறீர்களா" என்று பொதுவாகக் கேட்டால் யாரும் வரமாட்டார்கள், நான் கேட்டுப் பார்த்தாயிற்று. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் நான்கு கட்டைவிரல், இரண்டு கும்பிடு, அவ்வளவுதான். நேரில் போய், சின்னதாக, முடிவு தெரிகிற வேலையாகக் கேளுங்கள். "அடுத்த மூன்று சனிக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை, தண்ணீர் கேனும் வருகைப் பதிவேடும் மட்டும் பார்த்துக்கொள்கிறீர்களா?" மூன்று வாரம் வந்தவர் நான்காவது வாரம் தானாக வருவார். அப்படித்தான் எங்களுக்கு ஒரு அக்கா கிடைத்தார். மகளிர் சுய உதவிக் குழுவில் பல வருஷம் கணக்கு எழுதியவர். வந்த அன்றே என் வரவு செலவு நோட்டைப் பார்த்து, "இது என்ன தம்பி, மளிகைச் சீட்டா?" என்றார். இன்றுவரை பணம் அவர் கையில்தான் இருக்கிறது, நான் தொடுவதில்லை. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவரும் இருக்கிறார். ஸ்கவுட் இயக்கத்தில் ரயில்வேக்கென்று ஒரு மாநிலக் கிளை போலவே தனி அமைப்பு உண்டு, அதனால் அங்கே வளர்ந்தவர்களுக்குக் கொடியேற்றத்திலிருந்து கூடாரம் வரை எல்லாம் கை பழக்கம். உங்கள் ஊரில் ரயில்வே குடியிருப்பு இருந்தால் அங்கே ஒரு நடை போய்விட்டு வாருங்கள், இளமையில் ரோவராக, அதாவது இளைஞர் பிரிவு ஸ்கவுட்டாக இருந்த யாராவது நிச்சயம் அகப்படுவார்.

பெண் பிள்ளைகளைச் சேர்ப்பதாக இருந்தால் ஒரு பெண் பொறுப்பாளர் கட்டாயம். சாரணியர், அதாவது பெண் பிள்ளைகளின் கைடு படைக்குத் தலைமை பெண்தான். எங்களுக்கு இப்போது கல்லூரி முடித்த ஒரு பெண் வருகிறார், பள்ளியில் கைடாக இருந்தவர். பெண் பிள்ளைகள் என்னிடம் சொல்லாத எத்தனையோ விஷயத்தை அவரிடம் சொல்கிறார்கள். அவர் வருவதற்கு முந்திய ஒரு வருஷத்தில் எத்தனை பெண்கள் காரணம் சொல்லாமலே நின்றார்கள் என்பதை இப்போது நினைத்தால் உறுத்துகிறது.

சரி, காகித வேலை. ஸ்கவுட், கைடு இரண்டுக்குமான நம் நாட்டு அமைப்பான பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் பள்ளிக்கூடத்தைச் சேராத குழுவும் நடத்தலாம், ஓப்பன் குரூப் என்பார்கள். மாவட்டச் சங்கத்தில் குழுவைப் பதிந்து, ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்க வேண்டும். யாரைப் பார்ப்பது என்று தெரியாவிட்டால் பக்கத்து அரசுப் பள்ளியின் சாரண ஆசிரியரிடம் கேளுங்கள், வழி அவர் சொல்வார். பொறுப்பேற்கிறவர்களுக்கு ஏழு நாள் அடிப்படைப் பயிற்சி உண்டு. லீவு போட வேண்டுமே என்று தயங்காமல் போய்விடுங்கள். புத்தகத்தில் படித்துப் புரியாத பாதி விஷயம் அங்கே நீங்களே ஒரு அணியில் பிள்ளை மாதிரி இருந்து சமைத்து, பாத்திரம் தேய்த்து, திட்டு வாங்கும்போது புரிந்துவிடும்.

மைதான அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். நாங்கள் ஒரு பள்ளியில் வாய்வார்த்தையில் வாங்கினோம். ஆறு மாதத்தில் தலைமையாசிரியர் மாறினார், ஒரு சனிக்கிழமை போனால் கேட்டில் பூட்டு. அடுத்த ஐந்து வாரம் கோயில் குளத்தங்கரையில் கூடினோம். புதியவர்மேல் தப்பில்லை, யாரோ ஒரு ஆள் வாராவாரம் பிள்ளைகளைக் கூட்டி வைத்து விசில் ஊதுகிறான் என்றால் எந்த நிர்வாகமும் யோசிக்கத்தான் செய்யும்.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எந்தப் பிள்ளையோடும் எந்தப் பெரியவரும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது, தனியாக வண்டியில் கூட்டிப்போகக் கூடாது, தனிப்பட்ட முறையில் ராத்திரி மெசேஜ் அனுப்பக் கூடாது. இது உங்களுக்கும் பொருந்தும், உங்கள் மச்சானுக்கும் பொருந்தும். ஒரு பிள்ளை பாலியல் தொல்லை பற்றி ஏதாவது சொன்னால் குடும்ப மானம், குழுவின் பெயர் என்று பஞ்சாயத்து பேச நமக்கு உரிமை கிடையாது. 2012 போக்சோ சட்டப்படி தெரிந்தவர் புகார் செய்தே ஆக வேண்டும், செய்யாமல் இருப்பது குற்றம். 1098 என்ற எண்ணைப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம் செய்ய வையுங்கள். உறுதிமொழி சொல்லத் தெரிவதற்கு முன்னாலேயே இது தெரிய வேண்டும் என்பது என் கட்சி.

இனி வாராந்திரக் கூட்டம். ஒன்றரை மணி நேரம் போதும். கொடி, நகம் தலைமுடி சோதனை, ஒரு ஓட்ட விளையாட்டு, அணிவாரியாக உட்கார்ந்து ஏதாவது ஒரு பயிற்சி, ஒரு பாட்டு, கொடியிறக்கம். நான் முதல் இரண்டு மாதம் இந்த ஒன்றரை மணி நேரமும் நானே பேசினேன். தொண்டை கட்டியதுதான் மிச்சம். பின்வரிசையில் இருந்தவர்கள் மண்ணில் படம் வரைந்துகொண்டிருந்தார்கள்.

தப்பு எங்கே என்றால், அணி முறையை நான் பெயருக்கு வைத்திருந்தேன். ஆறிலிருந்து எட்டு பேர் ஒரு அணி, அதற்கு ஒரு அணித் தலைவர். இது வரிசையில் நிற்பதற்கான வசதி என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்கவுட் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907ல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய முதல் முகாமிலேயே பையன்களை நான்கு அணியாகப் பிரித்து, பெரிய பையனிடம் பொறுப்பைக் கொடுத்துத்தான் வேலை வாங்கினார். வேலை முழுக்க அணித் தலைவர் வழியாகப் போக வேண்டும். நான் இப்போது சனிக்கிழமைக்கு முந்தின நாள் அணித் தலைவர்கள் நால்வருக்கும் மட்டும் அரை மணி நேரம் சொல்லிக் கொடுக்கிறேன், மறுநாள் அவர்கள் தங்கள் அணிக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். தப்பாகச் சொல்லிக் கொடுப்பார்கள். உடனே பாய்ந்து திருத்தாதீர்கள், பல்லைக் கடித்துக்கொண்டு நில்லுங்கள். இரண்டு கயிற்று நுனிகளை இணைக்கிற ரீஃப் முடிச்சில் வலதை இடதுமேல், இடதை வலதுமேல் என்று மாற்றிப் போடாமல் இரண்டு தடவையும் ஒரே பக்கம் போட்டால் முடிச்சு குறுக்கே திரும்பிக்கொண்டு வழுக்கும். அதைச் சொல்லிக் கொடுத்த அணித் தலைவரே இழுத்துப் பார்த்து, "ஐயோ, பிரிஞ்சிடுச்சு" என்று சொன்ன பிறகு நீங்கள் வாய் திறந்தால் போதும்.

முடிச்சு பற்றி ஒன்று. கயிற்றைக் கம்பத்தில் கட்டுகிற குளோவ் ஹிட்ச் முடிச்சைச் சொல்லிக் கொடுத்த நாள், கம்பத்தில் ஒரு சுற்று, தன்மேல் தானே குறுக்கே ஏறி இன்னொரு சுற்று, நுனியை அந்தக் குறுக்குக்கு அடியில் செருகு என்று நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே ஒரு பையன் முடித்துவிட்டு நின்றான். வாரம் ஒரு வார்த்தைகூடப் பேசாதவன். அவன் அப்பா மண்டியில் லாரிக்குப் பாரம் கட்டுபவர். "இது ஆட்டைக் கட்டுறதுதானே சார்" என்றவன், அப்புறம் லாரியில் தார்ப்பாயை இறுக்குகிற கட்டையும் போட்டுக் காட்டினான். கயிற்றின் நடுவில் ஒரு கண் எடுத்து, நுனியைக் கீழே கொக்கியில் மாட்டித் திருப்பி, அந்தக் கண் வழியாக விட்டு இழுத்தால் கப்பி போட்டு இழுத்த மாதிரி கயிறு விறைத்து நிற்கிறது. எனக்கே அது அதுவரை போட வராது. அன்றிலிருந்து எங்கள் கூடாரங்களை இறுக்குவது அவன் கட்டுதான், இப்போது அவன் ஒரு அணித் தலைவன். உங்கள் பிள்ளைகளில் மீனவர் வீடு, தறி வீடு, தச்சர் வீடு, ஆடு மாடு உள்ள வீடு எது என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பாடத்திட்டத்தில் உள்ளது பாதி அங்கே ஏற்கனவே இருக்கிறது.

மழை நாளுக்கு ஒரு விளையாட்டைக் கைவசம் வையுங்கள். ஒரு தட்டில் 24 பொருள், ஒரு நிமிடம் பார்க்கலாம், துணி போட்டு மூடியபின் நினைவிலிருந்து எழுத வேண்டும். கடையில் எதுவும் வாங்க வேண்டாம், புளியங்கொட்டை, ஊக்கு, குக்கர் விசில், பஸ் டிக்கெட், தேய்ந்த ரப்பர் போதும்.

பெற்றோர் கேட்பது ஒரே கேள்விதான்: "இதனால என்ன சார் பிரயோஜனம்?" பொய் சொல்லாதீர்கள். ரயில்வே வேலையில் ஸ்கவுட் ஒதுக்கீடு இருப்பது உண்மை, ஆனால் இடங்கள் சொற்பம், ராஷ்டிரபதி விருது மாதிரி மேல்படித் தகுதிகள் கேட்பார்கள். அதைக் காட்டி ஆள் பிடித்தால் ராஜ்ய புரஸ்கார் என்கிற மாநில அளவு விருதுச் சான்றிதழ் கைக்கு வந்த மறுவாரம் பிள்ளை காணாமல் போய்விடும். ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் டியூஷன் என்று நிற்பவர்களைத் தடுக்க முடியாது, நான் சண்டை போட்டுப் பார்த்து விட்டுவிட்டேன். பத்தாவது பொதுத் தேர்வு முடிந்த மறுநாள் வீட்டுக்குப் போய்க் கூப்பிடுங்கள். எங்களுக்குத் திரும்பி வந்தவர்கள் எல்லாம் அப்படி வந்தவர்கள்தான்.

பணத்தைப் பொறுத்தவரை மாதம் 50 ரூபாய் வாங்குகிறோம், தர முடியாதவர் யார் என்பது அக்காவுக்கு மட்டும் தெரியும். முழுச் சீருடை இல்லாமல் வரக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடாதீர்கள். முதலில் ஸ்கார்ஃப் மட்டும் போதும், அதைக் குழுவே மொத்தமாகத் துணி எடுத்துத் தைத்துக் கொடுத்துவிடலாம். சீருடை பழையதாகி அடுத்தவருக்குப் போவது எங்களிடம் சகஜம்.

முகாம். முதல் முகாம் ஒரே ஒரு இரவு, ஊரிலிருந்து அரை மணி நேரத்துக்குள். அக்டோபர், நவம்பர் மழை வேண்டாம், மே வெயிலும் வேண்டாம், பொங்கலுக்கு அப்புறம் பிப்ரவரிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இடம் பார்க்கப் போகும்போது பெண் பொறுப்பாளரைக் கூட்டிப் போங்கள். நான் கிணற்றையும் நிழலையும் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் நேரே கழிப்பறைக்குப் போய் உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை என்றார். இடத்தை மாற்றினோம்.

அரிசிக் கணக்கில் ஏமாந்துவிடாதீர்கள். 28 பேருக்கு ஆளுக்கு 100 கிராம் என்று வீட்டுக் கணக்கில் 2.8 கிலோ கொண்டு போனேன். பகல் முழுக்க மூங்கில் தூக்கிய பிள்ளைகள் அவர்கள், கடைசியாக உட்கார்ந்த அணி அன்றைக்குச் சாம்பாரில் பன்னைத் தோய்த்துச் சாப்பிட்டது. ஆளுக்கு வேளைக்கு 150 கிராம் வையுங்கள். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் தண்ணீர், அதாவது 28 பேருக்கு 20 லிட்டர் கேன் ஏழு. ஒவ்வொரு அணியும் தனித்தனியாக மூன்று கல் அடுப்பில் சமைக்கட்டும். ஒரு அணியின் உப்புமா களியாகும், அடுத்த அணியில் கருகும், அதுபற்றி வருஷம் முழுக்கப் பேசிக்கொள்வார்கள்.

பெற்றோர் கையெழுத்து, ஒவ்வாமை உள்ள மருந்து, இரண்டு போன் எண் இல்லாமல் யாரையும் வண்டியில் ஏற்றாதீர்கள். கிட்டத்தில் பாம்புக்கடி மருந்து உள்ள அரசு மருத்துவமனை எது என்று முன்னாலேயே விசாரித்து வையுங்கள். கடித்தால் கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் கூடாது, அசையாமல் படுக்க வைத்து 108. நாய் கடித்தால் 15 நிமிடம் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஊசிக்குப் போக வேண்டும். இதெல்லாம் பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டும், ஏனென்றால் கடி விழும் நேரத்தில் நீங்கள் வேறு பக்கம் இருப்பீர்கள்.

முகாமிலிருந்து திரும்பிய அன்றே, எவ்வளவு அலுப்பாக இருந்தாலும், கயிறுகளைத் துணி காயப்போடும் கொடியில் போட்டு உலர்த்திவிடுங்கள். நாங்கள் ஒருமுறை ஈரத்தோடு சாக்கில் திணித்து வைத்தோம். மூன்று மாதம் கழித்து எடுத்தால் கயிறெல்லாம் பூஞ்சை பிடித்து, இழுத்த இடத்தில் அறுந்தது. இப்போது அது கழுகு அணியின் வேலை. சாமான் அறைச் சாவியும் அவர்களிடம்தான் இருக்கிறது, எனக்கு ஒரு சுத்தியல் வேண்டுமென்றாலும் நோட்டில் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும்.