ஒயின் ஓப்பனர் வாங்கப் போகிறீர்களா? ஒரு தீக்குச்சி எடுத்துக்கொண்டு போங்கள்

பாரிமுனைப் பாத்திரக் கடையானாலும் சரி, மாலில் இருக்கும் கிச்சன் பகுதியானாலும் சரி, ஒயின் ஓப்பனர் வாங்கப் போகும்போது சட்டைப்பையில் ஒரு தீக்குச்சி இருக்கட்டும். ஓப்பனரின் சுருளை முனைப்பக்கமாகத் திருப்பி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நேராகப் பாருங்கள். நடுவில் ஓட்டை தெரிய வேண்டும். தீக்குச்சியை மருந்தில்லாத பக்கமாக அந்த ஓட்டையில் விட்டால் தடையில்லாமல் உள்ளே போக வேண்டும். போகாமல் நடுத்தண்டு இடிக்கிறதா? குரோம் எவ்வளவு மின்னினாலும், மரக் கைப்பிடி எவ்வளவு அழகாக இருந்தாலும், வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

ஓப்பனர் வாங்குகிறவர்கள் பலர் தவறு செய்வது இந்த இடத்தில்தான். கைப்பிடியைப் பார்க்கிறார்கள், டப்பாவைப் பார்க்கிறார்கள், விலையைப் பார்க்கிறார்கள். சுருளை யாரும் பார்ப்பதில்லை.

பாட்டில் கழுத்துக்குள் கார்க் சாதுவாக உட்கார்ந்திருக்கவில்லை. சுமார் 24 மில்லிமீட்டர் விட்டமுள்ள கார்க்கை நசுக்கி, 18.5 மில்லிமீட்டர் அளவே உள்ள கழுத்துக்குள் இறக்கியிருப்பார்கள். அது எந்நேரமும் விரியப் பார்த்துக்கொண்டே கண்ணாடியை இறுக்கிப் பிடித்திருக்கும். நேராக இழுத்து எடுக்க 20 முதல் 40 கிலோ எடையைத் தூக்குகிற அளவு விசை தேவைப்படலாம். 25 கிலோ அரிசிச் சிப்பத்தை ஒரு சின்னக் கம்பியில் மாட்டித் தூக்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாரம் முழுவதையும் தாங்குவது, சுருள் கவ்வியிருக்கிற கொஞ்சம் கார்க்தான்.

நடுத்தண்டு உள்ள சுருள் ட்ரில் பிட் மாதிரி. துளை போடுவதும் துளைத்ததைத் தூளாக்கித் தள்ளுவதுமே ட்ரில் பிட்டின் வேலை. கார்க்கிடமும் அது அதைத்தான் காட்டும். இழுக்கும்போது கார்க் அசையாது, சுருள் மட்டும் தூளோடு வெளியே வரும். திறந்த சுருளோ ஸ்பைரல் நோட்டுக் கம்பி மாதிரி. முனை போன தடத்திலேயே மீதிக் கம்பியும் போகும், சுருளுக்கு நடுவில் இருக்கிற கார்க் நசுங்காமல் அப்படியே நிற்கும். இழுக்கும்போது உள்ளும் புறமும் சேர்ந்து மொத்தமாக மேலே ஏறும்.

அளவையும் சொல்லிவிடுவோம். சுருளின் வெளிவிட்டம் 8 முதல் 10 மில்லிமீட்டர், கம்பியின் தடிமன் 3 மில்லிமீட்டருக்குள், சுற்று ஐந்துக்குக் குறையக் கூடாது, சுருளின் நீளம் 5 சென்டிமீட்டராவது வேண்டும். சாதாரண பாட்டில்களில் 38 மில்லிமீட்டர் கார்க் இருக்கும்; விலை கூடக்கூட 45, 49 என்று நீளும். குட்டைச் சுருளை 49 மில்லிமீட்டர் கார்க்கில் இறக்கினால் மேல்பாதி கையில் வரும், கீழ்ப்பாதி கழுத்திலேயே தங்கும். முனையை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். மலிவான சரக்கில் குரோம் பூச்சு முனையில் சொட்டாகத் திரண்டு மொட்டையாக இருக்கும். அது குத்தி இறங்காது, கார்க்கை அமுக்கி உள்ளே தள்ளும்.

உங்கள் வீட்டுக்கு வருவது என்ன பாட்டில்?

இதை யோசிக்காமல் வாங்குவது அடுத்த தவறு. நாசிக் பக்கமிருந்து வரும் ஒயின்கள் பலவற்றில் கார்க்கே கிடையாது, திருகு மூடிதான். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஒயின்களிலும் அப்படியே. டாஸ்மாக் எலைட் கடையில் இந்த வகைகளை மட்டும் வாங்குகிற வீட்டில் ஆயிரக்கணக்கில் கொட்டி வாங்கிய எலெக்ட்ரிக் ஓப்பனர் டிராயரில்தான் தூங்கும். (திருகு மூடிக்கும் ஒரு முறை உண்டு: மூடியின் நுனியை மட்டும் பிடித்துத் திருகாமல், கீழே நீளமாக இருக்கும் உலோகப் பகுதியைச் சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு பாட்டிலின் அடியைத் திருப்புங்கள். படக்கென்று விட்டுவிடும்.)

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் பாட்டில், விமான நிலைய டூட்டி ஃப்ரீயில் வாங்கும் பிரெஞ்சு, இத்தாலிய பாட்டில் என்றால் பெரும்பாலும் கார்க் இருக்கும். வருடத்துக்கு ஐந்தாறு பாட்டில்தான் என்றால் சில நூறு ரூபாய் ஓப்பனரே போதும். வெளிநாட்டிலேயே ஓப்பனரும் சேர்த்து வாங்கி வருபவர்கள் அதை செக்-இன் பெட்டியில் போடுங்கள். அதில் சின்னக் கத்தி இருக்கும். கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் பறிபோகும்.

இறக்கை ஓப்பனர் மேல் உள்ள மோகம்

திருகத் திருக ஓப்பனரின் இரண்டு பக்கமும் உள்ள கைகள் இறக்கை மாதிரி மேலே எழும்பும், பிறகு இரண்டையும் கீழே அமுக்கினால் கார்க் வந்துவிடும். பார்க்க சுலபமாக இருப்பதால் முதல்முறை வாங்குகிறவர்களில் பலர் இதைத்தான் எடுக்கிறார்கள். வடிவத்தில் குற்றமில்லை. ஆனால் கடையில் தொங்கும் இறக்கை ஓப்பனர்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது அந்த நடுத்தண்டுச் சுருள்தான். போதாக்குறைக்கு, துத்தநாகக் கலவையில் வார்த்து மேலே குரோம் பூசிய பல்சக்கரங்கள் நாளாக ஆகத் தேய்ந்து, ஒரு கை முன்னதாகவும் மற்றது பின்னதாகவும் எழும்பும். கார்க் சாய்வாக ஏறி ஓரத்தில் பிய்யும். திறந்த சுருள் உள்ள இறக்கை ஓப்பனர் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். தேட வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் தேர்வு, ஹோட்டல்களில் பரிமாறுபவர்கள் பையில் வைத்திருக்கும் மடக்கு ஓப்பனர். வெயிட்டர்ஸ் ஃப்ரெண்ட் என்பார்கள். 1882இல் ஜெர்மனியின் ரோஸ்டாக் நகரைச் சேர்ந்த கார்ல் வீங்கே காப்புரிமை பெற்ற வடிவம் இது. இன்றுவரை அடிப்படை மாறவில்லை. இதை வாங்கும்போது தவறவிடக் கூடாதது, பாட்டில் விளிம்பில் ஊன்றும் நெம்புகோலில் எத்தனை படி இருக்கிறது என்பது. ஒரு படி மட்டும் உள்ளதில், கார்க் பாதி எழும்பியதும் இழுவை நேராக இல்லாமல் பக்கவாட்டில் போகும். கார்க் வளைந்து, கழுத்து விளிம்பில் மோதி, சரியாக நடுவில் முறியும். இரண்டு படி உள்ளதில் மேல் படியை ஊன்றிப் பாதி தூக்கி, பிறகு கீழ் படியை ஊன்றி மீதியைத் தூக்கலாம். கடைசிவரை இழுவை நேராகவே இருக்கும். கடையில் மடக்கி விரித்துப் பாருங்கள்: ஆணி பிடித்த இடங்கள் லொடலொடக்கக் கூடாது, படியின் கால் தட்டையாக விளிம்பில் உட்கார வேண்டும், மடக்குக் கத்தி ரம்பப் பல் உள்ளதாக இருந்தால், கார்க்கையும் பாட்டில் கழுத்தையும் மூடியிருக்கும் ஃபாயிலை நன்றாக வெட்டும்.

மணிக்கட்டு வலி, விரல் மூட்டு வலி உள்ளவர்களுக்கு மட்டும் இதைப் பரிந்துரைக்க மாட்டோம். அவர்களுக்கு, ஒரே திசையில் திருகிக்கொண்டே போனால் கார்க் தானாகச் சுருளில் ஏறி வந்துவிடும் வகை நல்லது. 1979இல் ஹெர்பர்ட் ஆலன் என்ற டெக்சாஸ்காரர் கொண்டுவந்த ஸ்க்ரூபுல் அப்படிப்பட்டது. எண்ணெய்க் கிணறு தோண்டும் கருவிகளில் பழகிய பொறியாளர் அவர். நீண்ட சுருள் மேல் டெஃப்லான் பூசி உராய்வைக் குறைத்தார். அந்தப் பூச்சு உள்ள சுருளைக் கம்பி நார் போட்டுத் தேய்த்தால் கதை முடிந்தது.

இடக்கைக்காரர்கள் கவனிக்க: கடையில் இருப்பவை கிட்டத்தட்ட எல்லாமே வலக்கைப் புரி, அதாவது கடிகாரத் திசையில் திருகினால் இறங்குபவை. இடக்கைப் புரியிலும் ஓப்பனர் செய்கிறார்கள், ஆன்லைனில் தேடலாம்.

எலெக்ட்ரிக் வகையில் ஏமாறும் இடம் வேறு. நேராக வைத்து அழுத்தாவிட்டால் சுருள் சாய்ந்து இறங்கும். பிளாஸ்டிக் கார்க்கில் மோட்டார் திணறி நின்றுவிடும். மெழுகு முத்திரை உள்ள பாட்டிலில் மெழுகைச் சுரண்டாமல் வைத்தால் உள்ளே எல்லாம் அப்பிக்கொள்ளும். பேட்டரி உடலோடு ஒட்டிய மாடலில், பேட்டரி போனால் ஓப்பனரும் போனது. ரப்பர் மாதிரி மென்மையாக இருக்கும் அந்தக் கறுப்புப் பூச்சு, சென்னைப் புழுக்கத்தில் சில வருடங்களில் பிசுபிசுவென்று கையில் ஒட்ட ஆரம்பிக்கும். வாங்கியே ஆக வேண்டுமென்றால் மாற்றக்கூடிய பென்சில் செல் போடும் மாடலாக, வழவழ பிளாஸ்டிக் உடலாகப் பாருங்கள். ஊசி குத்திக் காற்று அடிக்கும் பம்ப் வகை வேண்டவே வேண்டாம். கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் பாட்டிலே உடையலாம்.

நல்ல ஓப்பனரைக் கெட்ட பெயர் எடுக்கவைப்பது

வாங்கிய ஓப்பனர் சரியில்லை என்று சொல்பவர்களில் பலருக்குப் பிரச்சினை கையில் இருக்கிறது. முதலில் ஃபாயிலை விளிம்புக்கு மேலே வெட்டாமல், கழுத்தில் புடைத்திருக்கும் வளையத்துக்குக் கீழே வெட்டுங்கள். ஊற்றும்போது ஒயின் ஃபாயிலில் படாது. கத்தி வரும் வழியில் கட்டைவிரலை வைக்காதீர்கள். கார்க் எடுக்கும்போது வெட்டுப்படுவதைவிட இங்கேதான் அதிகம் வெட்டுப்படுகிறது.

சுருளின் முனையைக் கார்க்கின் மிகச் சரியான நடுவில் குத்துவதும் தவறுதான். திறந்த சுருளில் முனை இருப்பது வட்டத்தின் ஓரத்தில். ஆகவே முனையை நடுவிலிருந்து ஓர் அரிசி அகலம் தள்ளிக் குத்தினால்தான், இறங்கும்போது சுருளின் நடுவும் கார்க்கின் நடுவும் ஒன்றாகும். சாய்வாகக் குத்தி, அரைச் சுற்று திருகியதும் நிமிர்த்திக்கொள்ளுங்கள். மேலே ஒரு சுற்று மட்டும் தெரியும்வரை திருகி நிறுத்துங்கள். முழுக்க இறக்கினால் குட்டைக் கார்க்கின் அடியைத் துளைத்துக்கொண்டு தூள் ஒயினில் விழும். அரைகுறையாக இறக்கினால் கார்க் முறியும். கடைசி அரை சென்டிமீட்டரை நெம்பாமல் கார்க்கைக் கையால் பிடித்து மெல்ல ஆட்டி எடுத்தால் சத்தமும் இல்லை, சட்டையில் கறையும் இல்லை.

ஷாம்பெய்ன் மாதிரி நுரைக்கும் ஸ்பார்க்லிங் ஒயினுக்கு எந்த ஓப்பனரையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். உள்ளே 5 முதல் 6 வளிமண்டல அழுத்தம் இருக்கலாம். கார் டயரில் அடிக்கும் காற்றைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அக்னி நட்சத்திர நாளில் காரில் வைத்துக் கொண்டுவந்த பாட்டிலை அப்படியே திறப்பது வினையை விலைக்கு வாங்குவது. பாதி ஐஸ், பாதி தண்ணீர் நிரப்பிய வாளியில் அரை மணி நேரம் வையுங்கள். கட்டைவிரலைக் கார்க் மேல் வைத்தபடியே கம்பிக் கூண்டை ஆறு அரைச் சுற்று தளர்த்துங்கள். பாட்டிலைச் சாய்த்து, வாய் யார் பக்கமும் இல்லாமல் பார்த்துக்கொண்டு, கார்க்கை அசையாமல் பிடித்துப் பாட்டிலின் அடியைத் திருப்புங்கள். புஸ் என்று மூச்சு விடுகிற சத்தம் வந்தால் போதும்.

வேலை முடிந்ததும் கார்க்கைச் சுருளிலேயே விட்டு டிராயரில் போடுவது பரவலான பழக்கம். ஒயினில் அமிலம் உண்டு, ஈரக் கார்க் அதைப் பிடித்து வைத்திருக்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரை மாதிரி கடற்கரை ஒட்டிய வீடுகளில் உப்புக்காற்றும் சேர்ந்தால் குரோம் பூச்சு புள்ளி புள்ளியாகக் கொப்பளித்து உரியும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சுருளாகப் பார்த்து வாங்குங்கள். கழுவித் துடைத்து, மருந்து டப்பாவில் வரும் சிலிக்கா பொட்டலம் ஒன்றைக் கூடவே போட்டு வையுங்கள். மூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். நாளடைவில் சிக்குப் பிடித்துப் பிசினாகும். சமையலறைக் கருவிகளுக்கான மினரல் ஆயில் ஒரு சொட்டு போதும்.

ஷோகேஸ் பாட்டில்

மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து, பத்து வருடமாக ஹால் ஷோகேஸில் நிமிர்ந்து நிற்கும் பாட்டிலுக்கு எந்த ஓப்பனரும் உத்தரவாதமில்லை. ஒயின் படாமல் வெயில் காலம் பத்தைப் பார்த்த கார்க் காய்ந்து சுருங்கியிருக்கும். சிலர் இதற்கென்று ஆ-ஸோ என்ற ஓப்பனரை வாங்குகிறார்கள்; அதில் சுருள் இருக்காது, கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இறக்கும் இரண்டு தகடுகள்தான் இருக்கும். ஆனால் கார்க் தளர்ந்திருந்தால் அதன் தகடுகளே கார்க்கை உள்ளே தள்ளிவிடும். கழுத்தில் இறுக்கமாக இருக்கிற பழைய கார்க்குக்குத்தான் அது.

கார்க் பாதியில் முறிந்துவிட்டால் சுருளை 45 டிகிரி சாய்த்துக் குத்தி, மீதியைக் கண்ணாடிச் சுவரோடு அணைத்தபடி மெல்ல இழுங்கள். அதுவும் நடக்கவில்லையா? கரண்டிக் காம்பால் கார்க்கை உள்ளே தள்ளிவிடுங்கள், ஒயினுக்கு ஒன்றும் ஆகாது. பிறகு டீ வடிகட்டி மேல் அலசிக் காயவைத்த மல் துணியை விரித்து கண்ணாடி ஜாடியில் வடிகட்டுங்கள். கைக்கு எட்டுகிறதே என்று பித்தளை காபி ஃபில்டரை எடுத்துவிடாதீர்கள். புளி போட்டுத் துலக்கினால் பித்தளை பளபளப்பது எதனால் என்பது நம் வீடுகளுக்குத் தெரியாததல்ல. ஒயினில் இருக்கும் அமிலமும் பித்தளையிடம் அதே வேலையைத்தான் காட்டும், செம்பு ஒயினில் இறங்கும்.